பாடங்களின் பெயர் கூப்பிடும் நாள்

ஆர்ட்கோனல்,
மே மாதம், இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள சோர்காவுக்கு,

ஒரு முழங்காலைத் தவிர மற்றபடி நான் நன்றாகவே இருக்கிறேன். நீயும் டேமியனும் நெஸ்ஸாவும் அந்த அளவுக்காவது நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு இதைத் தொடங்குகிறேன். கண் அறுவைக்குப் பிறகு வாசிப்பதில் தொந்தரவு இல்லை, வீட்டு மூலைகளில் இவ்வளவு தூசி சேர்ந்திருந்தது என்பதும் இப்போதுதான் தெரிகிறது. பிப்ரவரிக் காற்றில் விழுந்த கூரை ஓடுகளைப் பக்கத்து வீட்டு டிம்ப்னாவின் மருமகன் வந்து மாற்றிக் கொடுத்தான். டிம்ப்னா வழக்கம்போல சோடா ரொட்டி சுட்டால் பாதியை இங்கே கொண்டு வந்து வைக்கிறாள். வைக்கும்போதெல்லாம், "இதுக்கும் மேல நீங்க மெலிஞ்சா, கோல்மன், காத்தடிக்கிற நாள்ல உங்கள வாசல் கம்பத்துல கட்டித்தான் வைக்கணும்" என்கிறாள். தோட்டத்தில் ருபார்ப், அந்தப் புளிப்புத் தண்டுச் செடி, நன்றாக வந்திருக்கிறது. மழை அதற்குப் பிடித்த அளவு பெய்கிறது, அதாவது எனக்குப் பிடித்ததைவிட அதிகமாக.

இன்று காலை நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன். தொலைபேசியில் என்னால் எதையும் வரிசையாகச் சொல்ல முடிவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன ஞாயிறு நீ என்னிடம் ஒரு உதவி கேட்டாய், நானும் சரி என்றேன். நெஸ்ஸாவுக்கு உங்கள் ஊர் பெர்த்திலேயே மருந்தியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும், அவளோ இங்கே வந்து பழைய ஐரிஷ் மொழி படிப்பேன் என்று நிற்கிறாள் என்றாய். "நீங்க எதையும் கூட்டியும் சொல்ல மாட்டீங்க, கொறச்சும் சொல்ல மாட்டீங்கப்பா. அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது, இன்னிக்கு அதுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு உள்ளத உள்ளபடி எழுதி அனுப்புங்க. நான் சொன்னா சண்டை, நீங்க எழுதினா அடங்குவா" என்றாய். எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை வரை அப்படித்தான் எழுதிக்கொண்டும் இருந்தேன். வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று சந்தேகம். ஆனாலும் எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. அதை அப்படியே கீழே தருகிறேன், வெள்ளிக்கிழமை அதற்குரிய இடத்தில் வரும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கையேட்டைத் தொகுத்தவன் என்பதால், வரலாற்றை முதலில் வைத்துப் பாடங்களைப் பின்னால் வைப்பதே எனக்குக் கைவந்த முறை. உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்தும் முடியாத காலத்தில்தான் நம் கல்லூரி எழுந்தது. அரசாங்கம் எல்லா மதத்தவரும் சேர்ந்து படிக்கட்டும் என்று மதப் பாடம் இல்லாத கல்லூரிகளைத் திறந்தது, கத்தோலிக்க ஆயர்கள் அவற்றைக் கடவுள் இல்லாத கல்லூரிகள் என்று சொல்லி நம்மவர்களைப் போகக் கூடாது என்று தடுத்தார்கள். ஆகவே நாற்கட்டு முற்றமும் மணிக்கூண்டும் பெரிய மண்டபமும் தயாராக இருந்தன, பேராசிரியர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், மாணவர்கள்தான் வரவில்லை. அந்தச் சுண்ணாம்புக் கற்களைத் தூக்கியவர்கள் பசியோடு கூலிக்கு வந்தவர்கள். அதைக் கையேட்டில் ஒரு வரியாகச் சேர்க்க நான் பலமுறை எழுதிக் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் இடம் போதவில்லை என்று திரும்பி வந்தது. தொடக்கத்தில் கலை, சட்டம், மருத்துவம், பொறியியல், வேளாண்மை என்று இருந்தன. பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு தலைமுறை பிடித்தது, முதலில் வந்தவளைப் பேராசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில், மாணவர்களுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள், அவளே அந்த வகுப்பில் முதலாவதாக வந்தாள். பிறகு சட்டம் மாறிப் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது, ஆயர்களும் சமாதானம் ஆனார்கள். உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் முற்றத்தில் தங்கியபோது அவர்களுடைய குதிரைகள் தாவரவியல் தோட்டத்தில் பாதியைத் தின்றுவிட்டன. வணிகவியல் அதற்குப் பிறகு வந்தது, கடலியல் நீ பிறப்பதற்குச் சற்று முன்னால், செவிலியர் படிப்பும் கணினியும் நான் ஓய்வு பெறும் தறுவாயில்.

இன்றைக்கு அங்கே எது பலமாக இருக்கிறது என்று கேட்டால், கடலியல் என்று தயங்காமல் சொல்லலாம். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கப்பல் இருக்கிறது. நீ படித்த கட்டடப் பொறியியல் இன்னும் நல்ல பெயரோடு இருக்கிறது, புதுக் கட்டடமும் கொடுத்திருக்கிறார்கள், அதில் மழை ஒழுகுகிறது என்பது ஊர் முழுக்கப் பேசும் வேடிக்கை. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் போட்டி அதிகம். தத்துவமும் லத்தீனும் இருக்கின்றன, வகுப்பு சிறியது. மருந்தியல் இங்கே இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நெஸ்ஸா இங்கே வந்த பிறகு மனம் மாறினால் திரும்பிப் போக அந்தக் கதவு இங்கே கிடையாது. பழைய ஐரிஷ் நான்கு ஆண்டுப் படிப்பு. முதல் ஆண்டு முழுக்க இலக்கணம், குறிப்பாக வினைச்சொற்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே ஓடிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் துறவிகள் தங்கள் லத்தீன் ஏடுகளின் ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள், மூன்றில் பழைய சட்டங்கள், நான்கில் கையெழுத்து ஏடுகளை நேராக வாசிப்பது. படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே என்று நீ கேட்பாய். சிலர் ஆசிரியர்கள் ஆகிறார்கள், சிலர் நூலகங்களில், சிலர் ஜெர்மனியில். சிலருக்கு அது வேலையே ஆவதில்லை. அந்தத் துறையில் இப்போது ஒரே ஒரு பேராசிரியர், ஊனா ஹெர்லிஹி. கடந்த இரண்டு ஆண்டுகளாக முதல் ஆண்டுக்கு யாரும் சேரவில்லை. அவர் இணையத்தில் நடத்தும் வகுப்பில்தான் உன் மகள் தன் ஊரில் விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கடைவீதியில் பார்த்தபோது ஊனா, "பெர்த்ல இருந்து வர்ற பொண்ணு உங்க பேத்தியாமே. கேள்வி கேட்டே என்னைத் தூங்க விடமாட்டேங்குறா. ஒரு வினைச்சொல்ல விட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாம்னா விடணுமே" என்று சொல்லிச் சிரித்தார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்பதை உன்னிடமே விடுகிறேன்.

வியாழக்கிழமை நான் எழுதி நிறுத்திய இடம் இது. இதற்குப் பிறகு, அந்தப் பாடம் இந்த ஆண்டோடு நின்றுபோகலாம் என்று ஒரு வரி சேர்த்தால் கடிதம் முடிந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன். மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை பாடங்களின் பெயர் கூப்பிடும் வழக்கம் உனக்கு நினைவிருக்கும், நீ படித்த நாளில் நீயும் பொறியியல்காரர்களோடு போய் மேசையைத் தட்டியிருக்கிறாய். அது ஏன் வந்தது என்பது மாணவர்களுக்குத் தெரியாது. மாணவர்கள் வராத அந்த முதல் ஆண்டுகளில், யாருமே படிக்காத பாடத்துக்குச் சம்பளம் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். அதற்காக ஏற்படுத்திய விதி அது. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மண்டபத்தில் பதிவாளர் ஒவ்வொரு பாடத்தின் பெயரையும் உரக்கப் படிப்பார். அந்தப் பாடத்தில் இங்கே தேர்வு எழுதித் தேறியவர், இப்போது பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்காதவர், ஒருவர் எழுந்து நின்று 'இருக்கிறது' என்று சொல்ல வேண்டும், அந்தப் பாடத்திலிருந்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எழாவிட்டால் அந்தப் பாடம் மறு ஆண்டுக் கையேட்டில் இராது. இதுவரை எழாமல் போனதே இல்லை என்பதால் எல்லாரும் இதைத் தேநீருக்கு முன்னால் நடக்கும் விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். இந்த ஆண்டு மட்டும், சேர்க்கை இல்லாத பாடத்துக்கு ஆள் எழாவிட்டால் விதியை அப்படியே நடத்துவோம் என்று நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதில் ஒளிவுமறைவு இல்லை, கெட்ட எண்ணம் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்படி நின்றுபோனால் உனக்கும் நெஸ்ஸாவுக்கும் இடையில் சண்டைக்கு இடமில்லை, யார் மனமும் புண்படாமல் நீ விரும்பியது நடந்துவிடும் என்று நான் நினைத்தேன். உண்மையில் அதுதான் எல்லாருக்கும் நல்லது என்றுகூட வியாழன் மாலை எனக்குத் தோன்றியது. என் ஆசையும் இதில் கலந்திருக்கிறது என்பதை உன்னிடம் மறைக்கக் கூடாது. அவள் வந்தால் இந்த ஊரில் எனக்கென்று ஒருத்தி இருப்பாள். அதனாலேயே நான் எது சொன்னாலும் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும், நானும் அப்படிக் கழித்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். எப்படியும் எழுந்து நிற்க ஆட்கள் இருந்தார்கள், ஊனா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார் என்பதும் தெரியும். நான் போய்ப் பார்த்துவிட்டு, நடந்ததை ஒரு வரியில் எழுதலாம் என்றுதான் போனேன்.

டிம்ப்னா காரில் கொண்டுபோய் விட்டாள். அவளும் உள்ளே வந்தாள். அவள் அங்கே படித்தவள் அல்ல, ஆனால் அன்று கொடுக்கும் ருபார்ப் பலகாரம் நன்றாக இருக்கும். மண்டபம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சட்டத்தைக் கூப்பிட்டதும் வழக்கம்போல ஒரே ஒருவர், நல்ல கோட்டு போட்டவர், எழுந்து சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி உட்கார்ந்தார். மருத்துவத்தைக் கூப்பிட்டபோது யாரும் இல்லை, இரண்டாம் முறையும் இல்லை. பின்வரிசையில் யாரோ, "வருவாங்க, வருவாங்க, நாம காத்திருந்து பழகினவங்கதானே" என்று சொல்ல மண்டபமே சிரித்தது, அதற்குள் ஒரு டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு எலும்பின் பெயரைச் சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போனார். உன் பொறியியல்காரர்கள் இருபது பேருக்குமேல் ஒன்றாக எழுந்தார்கள், சத்தம்தான் கேட்டது, வாக்கியம் எனக்குப் புரியவில்லை. கணினிக்கு அரைக்கால்சட்டை போட்ட ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே எழுந்து, பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான்.

பழைய ஐரிஷ் பட்டியலில் கடைசிக்கு முன்னால். அதற்கு எழுந்து நிற்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் பழைய பங்குத் தந்தை கிலியன், உனக்கு முதல் நற்கருணை கொடுத்தவர், இப்போது தொண்ணூறை நெருங்குகிறார், முன்வரிசையில் இருந்தார். இன்னொருவர் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த மிஸ் பிலோமினா ப்ரெஸ்லின், அவருக்கு நேர் பின்னால். இருவரிடமும் ஊனா தனித்தனியாகச் சொல்லியிருந்தார், இருவரும் ஆகட்டும் என்றிருந்தார்கள். இருவரும் வந்தும் இருந்தார்கள். பதிவாளர், புதிதாக வந்திருக்கும் இளம் பெண், தெளிவான குரலில் முதல் முறை கூப்பிட்டார். தந்தை கிலியன் மெதுவாகத் திரும்பி மிஸ் ப்ரெஸ்லினைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நீங்கள் எழுங்கள் என்று. மிஸ் ப்ரெஸ்லின் கையை நீட்டி, நீங்கள்தான் முதலில், ஃபாதர் என்று காட்டினார். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அந்த அம்மாளும் குனிந்தார். நம் ஊரில் ஒரு கதவைக் கடக்க இரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். வாசலில் என்றால் மூன்றாவது ஆள் வந்து இருவரையும் தள்ளிவிடுவான். இங்கே தள்ள ஆள் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். பாதிரியாருக்கு முன்னால் எழுந்து நிற்பது எப்படி என்று அந்த அம்மாளும், பெண்மணி உட்கார்ந்திருக்கும்போது முந்திக்கொள்வது எப்படி என்று இவரும், ஒருவரையொருவர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் இது ஏதோ முன்பே பேசி வைத்த வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற ஊனா சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர் என்பதால் அவர் வாயைத் திறக்கவே கூடாது. கைக்குட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அப்போது நினைத்ததை முடிந்தவரை சரியாக எழுதப் பார்க்கிறேன். இது இப்படியே முடிந்துவிடும், சோர்கா நிம்மதி அடைவாள் என்று ஒன்று. நான் எழுந்தால் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவேன் என்று ஒன்று. எனக்குத் தகுதி உண்டா என்பது மூன்றாவது. நான் படித்தது லத்தீனும் வரலாறும். துணைப்பாடமாக ஒரே ஒரு ஆண்டு பழைய ஐரிஷ் எடுத்தேன், தேர்வில் தேறினேன், எவ்வளவு நன்றாகத் தேறினேன் என்று யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது. ஆனால் விதியில் 'தேர்வு எழுதித் தேறியவர்' என்றுதான் இருக்கிறது, 'பட்டம் பெற்றவர்' என்று இல்லை. முன்பு குழப்பமாக இருந்த அந்த வரியைத் திருத்தி எழுதியவனே நான்தான். அதற்குள் பதிவாளர் மூன்றாம் முறைக்காக மூச்சை இழுத்தார். டிம்ப்னா என் பக்கம் சாய்ந்து, "ஏன் கோல்மன் இப்படி வேர்க்குது, உடம்பு சரியில்லையா" என்றாள். பார்த்தால் நின்றுகொண்டிருக்கிறேன். முன்னிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு 'இருக்கிறது' என்றேன். கேட்கவில்லை போலிருக்கிறது. பதிவாளர், "யாரது, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். "மிஸ்டர் டெவனிதானே? நீங்க ஆபீஸ் ஆளாச்சே" என்றார். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிவிட்டது என்றேன். "இதுல தேறியிருக்கீங்களா?" என்றார். தேறியிருக்கிறேன் என்றேன். பின்னாலிருந்து பழைய சகா ஒருவர், "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா, அந்த விதியே அவர் எழுதினதுதான். வேணும்னா காற்புள்ளி எங்க இருக்குன்னும் சொல்வார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது.

பிறகு வாக்கியம். அந்த ஒரு ஆண்டில் படித்ததில் என் தலையில் முழுதாகத் தங்கியிருந்தது ஒன்றே ஒன்று, தேனீக்களைப் பற்றிய பழைய சட்டம் ஒன்றின் சாரம். அதை மூலமொழியிலேயே தட்டுத் தடுமாறிச் சொன்னேன், ஒரு வினைச்சொல்லைக் கட்டாயம் தப்பாகச் சொல்லியிருப்பேன், ஊனாவின் கண் ஒரு இடத்தில் சற்றுச் சுருங்கியது. பதிவாளர் பொருள் கேட்டார். தேனீக்கள் பறந்து போய்ப் பக்கத்து நிலத்துப் பூக்களில் மேய்ந்தால், அந்த நிலத்துக்காரனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் கூடு யாருடையதோ தேனீக்கள் அவருடையவையே என்றேன். பதிவாளர் குறித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். அடுத்து விலங்கியலைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பாடம் இன்னும் ஓராண்டுக்கு இருக்கிறது.

தேநீர் மேசையருகே தந்தை கிலியனும் மிஸ் ப்ரெஸ்லினும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதிலும் யார் முதலில் கேட்பது என்று தகராறு. "நீங்க எழுந்திருப்பீங்கன்னுதான் ஃபாதர் நான் காத்திருந்தேன்" என்று அவர். "ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கும்போது நான் முந்தி எழுந்தேன்னா எங்கம்மா கல்லறையிலிருந்து வந்து காதைத் திருகுவாங்களே, பிலோமினா" என்று இவர். டிம்ப்னா பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் இப்படியே சொர்க்க வாசல்ல நின்னீங்கன்னா பின்னால வர்ற நாங்கல்லாம் மழையில நனையணும்" என்றாள். ஊனா வந்து என் கையைப் பிடித்தார். நன்றி என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். "அந்த வினைச்சொல் இறந்தகாலமா வரணும், மிஸ்டர் டெவனி" என்றார். கண் கலங்கியிருந்தது. தெரியும் என்றேன், தெரியாது என்றாலும். வீட்டுக்கு வரும் வழியில் டிம்ப்னாதான் ஓட்டினாள். பாலத்தைத் தாண்டிய பிறகு, "பேத்திக்காகவா எழுந்தீங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். "உங்களுக்குத் தெரியாம இருக்குமா? அப்ப சோர்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாராவது சொல்லி அவ கேட்டா நல்லா இருக்காது" என்றாள். அது சரியான பேச்சு என்பதால்தான் இந்தக் கடிதம்.

அவளுக்காகவா என்று இந்த இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். அவள் என்ற ஒருத்தி இல்லாவிட்டாலும் எழுந்திருப்பேன் என்று சொல்ல ஆசை, ஆனால் அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. பொதுவாக நான் எழுந்து நிற்கிறவன் அல்ல என்பதே இதற்கு எதிரான சாட்சி. நீ கேட்டது சாயாத ஒரு கடிதம். மேலே வரலாறும் பாடங்களும் உள்ள பகுதி சாயாமல் எழுதியது, அதை நம்பலாம். வெள்ளிக்கிழமை முதல் உள்ள பகுதியைச் சாய்ந்தவன் எழுதியதாகவே எடுத்துக்கொள். கோபம் வந்தால் அது நியாயம். அவள் இங்கே வந்தால் திரும்பி வர மாட்டாள் என்று போன ஞாயிறு நீ பேச்சுவாக்கில் சொன்னாய், சொன்ன உடனேயே பேச்சை நிறுத்திக்கொண்டாய். நீ ஏன் நிறுத்தினாய் என்று எனக்குப் புரிந்தது. நீ போனது தப்பென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உன் அம்மா மட்டும் உன்னை வழியனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில், உனக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியை நீ சமையலறையிலேயே மறந்துவிட்டாய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நெஸ்ஸாவுக்கு நான் தனியாக எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். இதை அவளிடம் கொடுப்பதா, வரலாற்றுப் பகுதியை மட்டும் கொடுப்பதா, எதையும் கொடுக்காமல் இருப்பதா என்பது உன் முடிவு. எது செய்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அவள் வருவதென்று முடிவானால் சில சிறு யோசனைகள். கம்பளிச் சட்டைகளை அங்கே வாங்க வேண்டாம், இங்கே வாங்குவதுதான் இந்த மழைக்குத் தாங்கும். முதல் ஆண்டுக்காரர்களுக்கு ஆற்றோரத்து விடுதியில் இடம் கொடுக்கிறார்கள், அதற்கு விண்ணப்பிக்கச் சொல். என் வீட்டில் தங்கினால் நான் அவளைப் பேசிக்கொண்டே இருக்க வைத்துவிடுவேன், படிப்பு கெடும், தன் வயதுக்காரர்களோடு இருப்பதே நல்லது. இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அவள் உன் கூட்டைச் சேர்ந்தவள், நான் பக்கத்து நிலத்துக்காரன். சட்டப்படி எனக்குள்ள பங்காக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அவளை அனுப்பினால் போதும்.

மருந்தியல் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளை மறந்துவிடாதீர்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் பதில் உரிய நேரத்தில் போய்விட வேண்டும், காத்திருக்கும் வேறு பிள்ளைக்கு அது உதவும். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். அன்று நீ அழைத்தால் எடுப்பேன், மழையைப் பற்றிப் பேசுவோம். இது கைக்கு வந்து, நீ படித்து முடித்த பிறகு எப்போது வேண்டுமானாலும் அழை, நான் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். டேமியனுக்கு என் அன்பு. உங்கள் மூவரையும் கடவுள் தம் கையணைப்பில் வைத்துக்கொள்ளட்டும், அந்தக் கை பெர்த் வரைக்கும் எட்டும் என்று நம்புகிறேன்.

உன் அப்பா,
கோல்மன் டெவனி